எழுதியவர் இல்லாத மேடைக்குத் திரும்பும் ரஷ்

*11 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் கச்சேரிக்குக் கிளம்புகிறது கனடாவின் ராக் குழு. நீல் பியர்ட் எழுதிய வரிகளோடு சேர்ந்தே வயதான ரசிகர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள்?*

2015 ஆகஸ்ட் 1 இரவு. லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் வினோதமான ஒரு கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு வேலையாட்கள் மேடையேறி, அலங்காரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். 2012-ல் வெளிவந்த ஆல்பத்தில் தொடங்கிய நிகழ்ச்சி, ஆண்டு ஆண்டாகப் பின்னால் நகர்ந்து 1974-க்கு வந்து நிற்கிறது. இப்போது மேடையில் மிச்சமிருப்பவை பள்ளிக்கூட ஜிம் போல ஒரு படுதா, நாற்காலிமீது ஏற்றிவைத்த சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள், மூன்று மனிதர்கள்.

கடைசி அடி விழுந்ததும் டிரம்மர் நீல் பியர்ட் எழுந்தார். 40 ஆண்டுகளாக ரசிகர்களுக்குப் பழகிய காட்சி ஒன்றுதான். கச்சேரி முடிந்த நொடியில் பின்பக்கமாக இறங்கி, காத்திருக்கும் வண்டியில் ஏறிப் போய்விடுவார். மேடையின் முன்பகுதி பாடுகிறவருக்கும் கிடார்காரருக்கும் உரியது என்பது அவர் கணக்கு. அன்று அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் வந்தார். பாடகர் கெடி லீயையும் கிடார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சனையும் கட்டிக்கொண்டார். அரங்கத்தில் பலருக்கு அப்போதே புரிந்துவிட்டது, இனி இந்த மூவரையும் ஒன்றாகப் பார்க்க முடியாது என்று.

அன்று கடைசியாக வாசித்த ‘வொர்க்கிங் மேன்’, பியர்ட் குழுவில் சேர்வதற்கு முன்பே வந்த பாட்டு. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ரஷ் குழுவுக்காக எழுதிய மனிதர், தான் எழுதாத வரிகளுக்குத் தாளம் போட்டு விடைபெற்றார். 2020 ஜனவரி 7 அன்று மூளைப் புற்றுநோயில் இறந்தார். அப்போது வயது 67.

2025 அக்டோபரில் லீயும் லைஃப்சனும் வெளியிட்ட அறிவிப்பு ராக் உலகத்தைக் குலுக்கியது. மறுபடியும் கச்சேரி. தொடக்கம் 2026 ஜூன் 7, அதே ஃபோரம் அரங்கில். டிரம்ஸ் வாசிக்கப்போகிறவர் ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நில்லஸ். முதலில் சொன்னது 7 நகரங்கள். டிக்கெட்டுக்கு விழுந்த அடிதடியில் ஊர்களும் தேதிகளும் மளமளவென்று கூடின. அன்றிலிருந்து ரசிகர்கள் கூடுகிற இடமெல்லாம் ஒரே வாக்குவாதம். பியர்ட் இல்லாமல் ரஷ்ஷா?

## எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர்

நமக்கு இது பழகிய ஏற்பாடு. கண்ணதாசன் எழுதினார், டி.எம்.எஸ். பாடினார். இரண்டையும் ஒருவரே செய்யவில்லையே என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ராக் இசையில் அப்படியல்ல. அங்கே பாடுகிறவர் தன் சொந்தக் கதையைப் பாட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அந்த விதிக்குள் அடங்காத குழு ரஷ். வார்த்தைகள் பெரும்பாலும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த டிரம்மருடையவை.

1974 ஜூலை 29 அன்று பியர்ட் குழுவில் சேர்ந்தார். அது கெடி லீயின் 21-வது பிறந்தநாள். அதுவரை அப்பாவின் விவசாயக் கருவிகள் விற்கும் கடையில் உதிரிபாகங்கள் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தவர், இரண்டே வாரத்தில் பிட்ஸ்பர்க்கில் பல்லாயிரம் பேருக்கு முன்னால் வாசித்தார். புத்தகப் புழு. பாட்டு எழுதுவதில் மற்ற இருவருக்கும் பெரிய ஆர்வம் இல்லை. ‘நீயே எழுதேன்’ என்று பொறுப்பு இவர் தலையில் விழுந்தது.

பிறகு அதுவே முறையானது. லீயும் லைஃப்சனும் ஓர் அறையில் இசையமைப்பார்கள். பியர்ட் இன்னோர் அறையில் தனியாக எழுதுவார். தாள் கைமாறும். பாடுவதற்கு வாகாக இருக்கிற சில வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை லீ திருப்பி அனுப்புவதும் உண்டு. பியர்ட் முகம் சுளிக்காமல் மறுபடியும் எழுதிக்கொடுப்பார். வேறொருவர் குரலில் ஏற வேண்டிய சொற்கள் என்பதால், தன் புலம்பலை அப்படியே கொட்டிவிட முடியாது. பொதுவில் நிற்கும்படி வடித்துத்தான் தர வேண்டும். அந்த வரிகள் யார் யாருக்கோ சொந்தமானதற்கு, என் பார்வையில், இந்தக் கட்டாயமே முதல் காரணம்.

> பெட்டிச் செய்தி: ரஷ்
>
> தொடக்கம்: 1968, டொரண்டோவின் வில்லோடேல் பகுதி.
>
> மூவர்: கெடி லீ (குரல், பேஸ் கிடார், கீபோர்டு), அலெக்ஸ் லைஃப்சன் (கிடார்), நீல் பியர்ட் (டிரம்ஸ், வரிகள்). முதல் டிரம்மர் ஜான் ரட்ஸி.
>
> முதல் ஆல்பம் 1974, கடைசி ஆல்பம் ‘கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்’ 2012.
>
> அமெரிக்காவில் கதவைத் திறந்துவிட்டது கிளீவ்லாந்தின் டபிள்யூ.எம்.எம்.எஸ். வானொலி. அங்கு பணியாற்றிய டோனா ஹால்பர் ‘வொர்க்கிங் மேன்’ பாட்டை ஒலிபரப்ப, தொழிற்சாலை நகரத்து நேயர்கள் விடாமல் கேட்கத் தொடங்கினார்கள்.
>
> 2013: ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம்.

## வயதுக்கு ஒரு பாட்டு

ரஷ் ரசிகர்கள் குழுவை விட்டு நகராததற்கு இசைத் திறமையைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். சிக்கலான தாளக் கணக்குகள், 20 நிமிடப் பாட்டுகள், மூன்றே பேர் எழுப்பும் பத்துப் பேர் சத்தம். எல்லாம் உண்மைதான். ஆனால் தாளக் கணக்குக்காக ஒருவர் ஐந்து ஆண்டு கூட வரலாம். ஐம்பது ஆண்டு வரமாட்டார். பியர்ட் தன் வயதுக்கு எழுதினார். தாண்டி வந்த வயதுக்குத் திரும்பிப்போய் எழுதி, விடலைப் பையன்களைத் திருப்திப்படுத்த முயன்றதே இல்லை. கேட்டவர்களுக்கும் கூடவே வயதானது.

20-களின் தொடக்கத்தில் எழுதியவை மந்திரவாதிகளும் மாய தேசங்களும். 1976-ல் வந்த ‘2112’ ஒரு முழுநீளக் கதை. இசையே இல்லாத எதிர்கால உலகில் ஒருவன் பழைய கிடார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். ஆளும் குருமார்கள் அதை உடைத்தெறிகிறார்கள். அதற்கு முந்தைய ஆல்பத்தில் கையைச் சுட்டுக்கொண்ட இசைத்தட்டு நிறுவனம், ‘சின்னச் சின்னப் பாட்டாகப் போடுங்கள்’ என்று நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. மூவரும் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தார்கள். விழுந்தாலும் நம் இஷ்டத்துக்கு விழுவோம் என்ற முடிவு. அந்த ஆல்பம்தான் குழுவைக் காப்பாற்றியது. அப்பாவோடு முட்டிக்கொண்டிருந்த அன்றைய பையன்களுக்கு, உடைக்கப்பட்ட அந்தக் கிடார் தங்களுடையது.

30-ஐ நெருங்கும்போது புகழின் சங்கடத்தைப் பற்றி ‘லைம்லைட்’. 1982-ல் ‘சப்டிவிஷன்ஸ்’. நகரத்துக்கு வெளியே வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், அங்கே கூட்டத்தோடு ஒட்டாத பிள்ளையை ஓரங்கட்டும் பள்ளிக்கூடம். இதன் வீடியோவில் வரும் பள்ளிக்கூடக் காட்சிகள் எடுக்கப்பட்டது டொரண்டோவின் ஸ்கார்பரோவில் உள்ள லாமரோ பள்ளியில். அடுத்த ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கிளம்பிய தமிழர்கள் ஏராளமானோர் பிள்ளைகுட்டிகளோடு வந்து சேர்ந்தது இதே ஸ்கார்பரோவுக்குத்தான். வேறு மொழி, வேறு நிறம், வேறு சாப்பாடு என்று வகுப்பறையின் ஓரத்தில் உட்கார்ந்த ஒரு பிள்ளைக்கு அந்தப் பாட்டை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

35-ஐத் தொடும்போது ‘டைம் ஸ்டாண்ட் ஸ்டில்’. ஊர் ஊராகச் சுற்றியதில் வீட்டில் மகள் வளர்ந்ததைப் பார்க்காமல் விட்ட ஒரு மனிதனின் தவிப்பு அதற்குள் இருக்கிறது. 37-ல் ‘தி பாஸ்’. இளவயதுத் தற்கொலையை ஏதோ வீரச்செயல் போலக் காட்டும் கதைகள்மீது பியர்ட்டுக்குக் கோபம். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, விளிம்பில் நிற்கும் பையனின் தோளில் கைபோட்டுப் பேசுவதுபோல எழுதினார். தங்களுக்கு மிகவும் பிடித்தவற்றுள் ஒன்று என்று குழுவினரே சொன்ன பாட்டு இது. ரஷ் என்றால் ‘டாம் சாயர்’ மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

## அம்மா சொன்ன கதை

கெடி லீயின் இயற்பெயர் கேரி லீ வைன்ரிப். பெற்றோர் போலந்து நாட்டு யூதர்கள். நாஜிகளின் அடிமை வேலை முகாமில் பதின்வயதில் சந்தித்துக்கொண்டவர்கள். பிறகு ஆஷ்விட்ஸ். அங்கிருந்து அம்மா பெர்கன்-பெல்சன் முகாமுக்கும் அப்பா டாக்காவ் முகாமுக்கும் அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்ததும் அப்பா தேடிக்கொண்டு வந்து அம்மாவைக் கண்டுபிடித்தார். கல்யாணம் பெர்கன்-பெல்சனிலேயே நடந்தது. பிறகு கனடா.

விடுதலை நாளைப் பற்றி அம்மா மகனிடம் சொன்னது இது. ஜன்னல் வழியே பார்த்தால் காவலர்கள் இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்கிறார்கள். இது என்ன, இரட்டைக் கையால் ஹிட்லர் வணக்கமா என்று நினைத்திருக்கிறார். பிரிட்டிஷ் படை வந்துவிட்டது, காவலர்கள் சரணடைகிறார்கள் என்பது மூளைக்கு எட்டவே இல்லை. எங்களை இப்படி விட்டுவைத்திருக்கிறார்கள் என்றால் வெளியே உலகமே அழிந்திருக்க வேண்டும் என்றுதான் உள்ளே இருந்தவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்களாம்.

இந்தக் கதையைக் கேட்ட பியர்ட், 1984-ல் ‘ரெட் செக்டர் ஏ’ எழுதினார். ஊர்ப் பெயரோ ஆண்டோ இனத்தின் பெயரோ அதில் கிடையாது. முள்வேலி, பசி, பக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்றத் துடிக்கும் ஒரு குரல், அவ்வளவுதான். முகாமிலிருந்து பிழைத்து வந்த தாயின் கதையை நண்பன் எழுத, மகன் மேடைதோறும் நின்று பாடினான். 2009-ல் வன்னியிலிருந்து மெனிக் பாம் முகாமின் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டவர்களின் உறவினர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் நகரம் டொரண்டோ. அவர்களில் ஒருவர் இந்தப் பாட்டைக் கேட்டால், எழுதியவர் எந்த முகாமை மனதில் வைத்தார் என்று கேட்கத் தோன்றாது.

இதே குழுவைத்தான் 1978-ல் பிரிட்டனின் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழ் பாசிச வாடை அடிப்பவர்கள் என்று எழுதியது. ‘2112’ ஆல்பத்தில் எழுத்தாளர் அய்ன் ராண்டுக்குப் பியர்ட் நன்றி சொல்லியிருந்ததுதான் காரணம். முகாம்களில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களின் மகன்மீது இப்படி ஒரு பழி. லீக்கு அது ஆறாத காயமாக நின்றதில் வியப்பில்லை. பியர்ட் பின்னாளில் ராண்டின் கருத்துகளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டார். 2010-ல் அமெரிக்க செனட் வேட்பாளர் ராண்ட் பால் பிரசாரத்தில் ரஷ் பாட்டுகளைப் பயன்படுத்தியபோது, குழுவின் வழக்கறிஞரிடமிருந்து ‘நிறுத்துங்கள்’ என்று கடிதம் போனது.

> பெட்டிச் செய்தி: பாட்டுக்குப் பின்னால்
>
> ‘ஒய்.ஒய்.இசட்.’ (1981): டொரண்டோ விமான நிலையத்தின் குறியீடு. அந்த மூன்றெழுத்தின் மோர்ஸ் தந்தி ஒலியே பாட்டின் தொடக்கத் தாளம். வரிகளே இல்லாத இசைத்துண்டு.
>
> ‘ரெட் பார்செட்டா’ (1981): கார் இதழ் ஒன்றில் ரிச்சர்ட் ஃபாஸ்டர் 1973-ல் எழுதிய சிறுகதையிலிருந்து பிறந்தது. எழுத்தாளரைப் பியர்ட் நேரில் சந்தித்தது 2007-ல். இருவரும் சேர்ந்து மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றினார்கள்.
>
> ‘டாம் சாயர்’ (1981): கவிஞர் பை டுபாய்ஸுடன் சேர்ந்து எழுதியது. நடுவில் டிரம்ஸ் தனியாக வெடிக்கும் இடத்தில், அரங்கம் முழுவதும் வெறுங்கையால் காற்றில் டிரம்ஸ் வாசிக்கும்.

## 88,000 கிலோமீட்டர்

1997 ஆகஸ்டில் பியர்ட்டின் அப்போதைய ஒரே மகள் செலீனா கார் விபத்தில் இறந்தார். வயது 19. பத்தே மாதத்தில் மனைவி ஜாக்கி புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். மனமுடைந்ததால் வந்த சாவு என்றுதான் பியர்ட் அதைப் பற்றிச் சொன்னார். மகளின் இறுதிச்சடங்கிலேயே நண்பர்களிடம், ‘நான் ஓய்வுபெற்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டார். லீயும் லைஃப்சனும் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. வேறு டிரம்மரைத் தேடவும் இல்லை.

பியர்ட் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கனடாவின் வடகோடி, அலாஸ்கா, மெக்சிகோ, பெலிஸ். 14 மாதங்களில் சுமார் 88,000 கிலோமீட்டர். நெடுஞ்சாலை விடுதிகளில் அடையாளம் தெரியாத ஆளாகத் தங்கிக்கொண்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்த அனுபவம்தான் 2002-ல் ‘கோஸ்ட் ரைடர்’ என்ற புத்தகமானது. இசையைத் துளியும் அறியாதவர்கள்கூட, பிள்ளையையோ துணையையோ இழந்தபின் இந்தப் புத்தகத்தைத் தேடி வாசித்திருக்கிறார்கள். ஆறுதல் சொல்ல வந்த புத்தகம் அல்ல அது. கோபமும் கசப்பும் அப்படியே இருக்கின்றன. ஒரு மனிதன் அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் எப்படி உயிரோடு போய்ச் சேர்ந்தான் என்ற கணக்கு மட்டும் பக்கத்துக்குப் பக்கம் நடக்கிறது.

2000-ல் மறுமணம். 2002-ல் ‘வேப்பர் ட்ரெயில்ஸ்’ ஆல்பம். தட்டைப் போட்டதும் முதலில் கேட்கும் ஒலி பியர்ட்டின் டிரம்ஸ். கிடாரோ குரலோ வருவதற்கு முன்னால், நான் திரும்பி வந்துவிட்டேன் என்று அவரே கதவைத் தட்டுகிறார்.

அந்த ஆண்டு நவம்பரில் முதன்முறையாகப் பிரேசில் போனார்கள். ரியோவின் மரக்கானா மைதானத்தில் 40,000 பேர். மழையில் சாமான் லாரிகள் தாமதமாக வந்து, ஒலிச் சோதனைக்குக்கூட நேரமில்லை. ‘ஒய்.ஒய்.இசட்.’ தொடங்கியது. வரியே இல்லாத அந்த இசையை 40,000 பேரும் குதித்துக்கொண்டே சேர்ந்து பாடினார்கள். ஆங்கிலம் சரளமாகத் தெரியாதவர்கள் மற்றப் பாட்டுகளின் வரிகளையும் ஒன்றுவிடாமல் பாடினார்கள். அதன் டிவிடி இன்றும் கிடைக்கிறது. கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்பதற்காகவே பார்க்கலாம்.

இவ்வளவு இருந்தும் விமர்சகர்கள் இவர்களைத் தீண்டியதில்லை. ஹால் ஆஃப் ஃபேமில் நுழைவதற்கான தகுதி கிடைத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் வெளியே நிற்கவைத்தார்கள். ரசிகர்களும் வாக்களிக்கலாம் என்று அந்த அமைப்பு முதன்முதலாகக் கதவைத் திறந்ததும் ரஷ் முதலிடம் பிடித்தது. 2013 ஏப்ரலில் நடந்த விழாவில் அவர்களை வரவேற்றுப் பேசியவர்கள் டேவ் க்ரோலும் டெய்லர் ஹாக்கின்ஸும். சிறுவயதில் இவர்கள் பாட்டைக் கேட்டு வளர்ந்த இரண்டு டிரம்மர்கள். ஹாக்கின்ஸ் 2022-ல் இறந்தார். அவருக்கான அஞ்சலிக் கச்சேரியில் லீயும் லைஃப்சனும் ரஷ் பாட்டுகளை ஒன்றாக வாசித்தார்கள். 2025 அறிவிப்புக்கு விதை அங்கே விழுந்தது.

## காலியானது எந்த இடம்?

வாக்குவாதமெல்லாம் டிரம்ஸ் இருக்கையைப் பற்றித்தான். அனிகா நில்லஸ் தாங்குவாரா? கிடார் மேதை ஜெஃப் பெக்கின் கடைசிச் சுற்றுப்பயணத்தில் வாசித்தவர் அவர். பியர்ட்டின் இரண்டாவது மனைவியும் அந்தத் திருமணத்தில் பிறந்த மகளும் இந்த முயற்சிக்கு மனமார வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் நமக்கென்ன ஆட்சேபம் இருக்க முடியும்? தாளத்தைக் கற்றுக்கொள்ளலாம். பயிற்சிதானே? நில்லஸ் நன்றாகவே வாசிப்பார் என்றுதான் நான் நம்புகிறேன்.

யாரும் பேசாதது எழுதும் மேசையைப் பற்றி. நோய் பியர்ட்டை முதலில் தாக்கியது கைகளில் அல்ல, சொற்களில். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் புதிரை ஒரு நாள் அவரால் போட முடியவில்லை. ஏதோ தவறு என்று அவருக்குத் தெரிந்தது அப்படித்தான். 2016-ல் நோய் உறுதியானது. மூன்றரை ஆண்டுகள் நெருங்கிய நண்பர்கள் ஒருவர்கூட வெளியே மூச்சுவிடவில்லை. கூட்டத்தைக் கண்டு கூச்சப்பட்ட மனிதருக்கு அவர்கள் செய்த மரியாதை அது.

1982-ல் அவர் எழுதிய ‘லூஸிங் இட்’ பாட்டில், கால்கள் ஒத்துழைக்காத நடனக்கலைஞரும் எழுத்து கைவிட்ட எழுத்தாளரும் வருகிறார்கள். 33 ஆண்டுகள் அதை மேடையில் வாசிக்கவே இல்லை. முதன்முறையாக வாசித்தது 2015 சுற்றுப்பயணத்தில், அதுவும் சில இரவுகள் மட்டும். கால் வலியும் தோள் வலியுமாக அவர் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. நோய் இன்னும் வெளிப்படவில்லை. 29 வயதில் கற்பனை செய்து எழுதியதை 62 வயதில் உடம்பால் அனுபவித்துக்கொண்டே வாசித்தார்.

கடைசியாக எழுதிய ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘தி கார்டன்’. ஒரு வாழ்க்கையைத் தோட்டமாக நினைத்து, முதுமையின் வாசலில் நின்று கணக்குப் பார்க்கும் பாட்டு. எழுதும்போது 60 வயதாகவில்லை. அதோடு நின்றுபோனது. கச்சேரி தொடங்கும் 2026 ஜூனில் லீக்கும் லைஃப்சனுக்கும் 72 வயது. அரங்கத்துக்கு வரப்போகிறவர்களில் பலருக்கும் ஏறக்குறைய அதே வயது. 15-லும் 30-லும் 50-லும் தங்களுக்கு முன்னால் போய் எழுதிவைத்த ஆள், 70-க்கு எதையும் எழுதிவைக்கவில்லை. இந்த நஷ்டத்தை எந்த டிரம்மராலும் ஈடுசெய்ய முடியாது. ஈடுசெய்ய முயலாமல், இருக்கிற பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பதுதான் இருவரும் காட்டும் நேர்மை. 23 வயதுக்காரன் எழுதிய கோபத்தை 72 வயதில் லீ பாடும்போது குரல் பழைய உச்சத்துக்குப் போகாமல் இருக்கலாம். அதைக் கேட்கத்தான் நான் ஆசைப்படுகிறேன்.

## எங்கிருந்து தொடங்கலாம்?

புதிதாகக் கேட்பவர்கள் ‘2112’-ல் குதிக்க வேண்டாம். ‘மூவிங் பிக்சர்ஸ்’ (1981) ஆல்பத்தை முதலில் முழுதாகக் கேளுங்கள். 40 நிமிடம்தான். அடுத்து ‘சப்டிவிஷன்ஸ்’, ‘ரெட் செக்டர் ஏ’, ‘தி பாஸ்’. இந்த மூன்றும் பிடித்துவிட்டால் மற்றவை தானாக வரும். லீயின் கீச்சுக்குரலில் சொற்கள் முதலில் பிடிபடாது. ஆல்பத்தோடு வரிகளை அச்சிட்டுக் கொடுப்பது இவர்கள் வழக்கம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. ‘டாம் சாயர்’ பாட்டுக்கு மட்டும் தாளைக் கீழே வைத்துவிடுங்கள். அதற்கு இரண்டு கைகளும் தேவைப்படும்.